ரப்பருக்குப் பதம் கண்டவர்

கரும்பு அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் போயிருக்கிறீர்களா?

சர்க்கரை ஆலையை நோக்கி வண்டிகள் சாரிசாரியாக வரும். லாரி வரும், டிராக்டர் வரும், மாட்டு வண்டியும் வரும். வண்டி தெரியாதபடி கரும்பு ஏற்றியிருப்பார்கள். அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு, கல்லிலும் மண்ணிலும் உரசிக்கொண்டு, உருண்டு வருவது ரப்பர் டயர்.

கத்திரி வெயிலில் ரோட்டுத் தார் இளகிக் காலில் ஒட்டும். ஆனால் அதே ரோட்டில் ஓடும் டயர் இளகுவதில்லை. ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது.

மரத்தில் இருந்து வடியும் ரப்பர் பால் இப்படிப்பட்டது அல்ல. அதை உறைய வைத்து, காய வைத்து, அப்படியே சக்கரத்தில் மாட்டினால் என்ன ஆகும்? சித்திரை வெயிலில் பிசினாகிப் போகும். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் கல்லாக இறுகி வெடித்துவிடும். நாலு மைல் ஓடுவதற்குள் தேய்ந்து, பிய்ந்து, ஒன்றுக்கும் உதவாமல் போகும்.

அந்த ரப்பருக்கு உறுதி கொடுத்தது எது? சூடு. வெறும் சூடு அல்ல, பதமான சூடு.

நெல்லிக்குப்பத்துக்காரர்களுக்குப் பதம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியது இல்லை. கரும்புச் சாறு கொப்பரையில் கொதிக்கும். ஒரு நிமிடம் முந்தி இறக்கினால் வெல்லம் உறையாது. ஒரு நிமிடம் பிந்தினால் கருகிக் கசக்கும். வெல்லம் காய்ச்சுகிறவருக்கு அந்தப் பதம் கண்ணிலேயே இருக்கும். பாட்டன் பூட்டன் காலத்தில் இருந்து வந்த பழக்கம் அது.

ரப்பருக்குப் பதம் சொல்லிக் கொடுக்க எந்தப் பாட்டனும் இல்லை. ஒரு மனிதர் தன் வாழ்நாளை அடுப்பில் போட்டு அதைக் கண்டுபிடித்தார்.

அவர் பெயர் சார்லஸ் குட்இயர்.

பித்தான் வியாபாரியின் மகன்

அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்தில் நியூ ஹேவன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1800-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி குட்இயர் பிறந்தார். வீட்டுக்கு மூத்த பிள்ளை.

தகப்பனார் பெயர் அமாசா குட்இயர். சட்டைப் பித்தான்களும் விவசாயக் கருவிகளும் செய்து விற்று வந்தார். கைவேலையில் கெட்டிக்காரர். மகனும் இளம் வயதிலேயே பிலடெல்பியா நகருக்குப் போய் இரும்புச் சாமான் வியாபாரத்தைக் கற்றுக்கொண்டார். பிறகு ஊர் திரும்பித் தகப்பனாருடன் கூட்டுச் சேர்ந்தார்.

1824-ம் ஆண்டில் கிளாரிசா பீச்சர் என்ற பெண்ணை மணந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் கஷ்டம் முழுவதையும் பட்டவர் அந்த அம்மாள்தான்.

இரண்டு ஆண்டு கழித்துக் குட்இயர் பிலடெல்பியாவில் சொந்தக் கடை போட்டார். முதலில் வியாபாரம் நன்றாகவே நடந்தது. ஆனால் தாராளமாகக் கடன் கொடுத்தார். கொடுத்தது திரும்பவில்லை. உடம்பும் படுத்துவிட்டது. 1830-ம் ஆண்டு வாக்கில் கடை முறிந்தது. தகப்பனாரும் மகனும் கடன்காரர்கள் ஆனார்கள்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாதவனை ஜெயிலில் போடுவார்கள். ஜெயிலில் இருப்பவன் எப்படிச் சம்பாதித்துக் கடனை அடைப்பான் என்று சட்டம் செய்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை!

நாறிப்போன பூட்சுகள்

அந்தச் சமயத்தில் அமெரிக்காவில் ஒரு ரப்பர் மோகம் பரவி இருந்தது.

ரப்பர் பால் தென் அமெரிக்கக் காடுகளில் கிடைப்பது. அங்குள்ள பழங்குடி மக்கள் அதில் பந்து செய்தார்கள், நீர் புகாத செருப்பு செய்தார்கள். ஐரோப்பியர்களுக்கு வெகு காலம் அதன் உபயோகம் தெரியவில்லை. 1770-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் எழுத்தை அது நன்றாகத் தேய்த்து அழிக்கிறது என்று எழுதி வைத்தார். ஆங்கிலத்தில் ரப் என்றால் தேய்ப்பது. ரப்பர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். தேய்த்து அழிக்க வந்த பொருளைத் தேயாத பொருளாக்கப் பின்னால் ஒருவர் பாடுபட நேர்ந்தது வேடிக்கைதான்.

1823-ம் ஆண்டில் மேக்கின்டாஷ் என்பவர் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பரைப் பூசி மழைக்கோட்டு செய்தார். உடனே ஊரெங்கும் ரப்பர் ஆசை பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் புதுப் புதுக் கம்பெனிகள் தோன்றின. பூட்சு, கோட்டு, தொப்பி என்று செய்து குவித்தார்கள். மக்களும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள்.

கோடை வந்தது. பூட்சுகள் உருகின. ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பொறுக்க முடியாத நாற்றம் வேறு. வாங்கியவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தார்கள். பனிக்காலத்திலோ அதே பூட்சுகள் பலகை போல விறைத்தன. கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திவாலாயின.

1834-ம் ஆண்டில் குட்இயர் நியூயார்க் நகருக்குப் போயிருந்தார். அங்கே ராக்ஸ்பரி ரப்பர் கம்பெனியின் கடையில் ஒரு மிதவையைப் பார்த்தார். தண்ணீரில் மூழ்காமல் காப்பாற்றும் காற்றுப் பை அது. அதில் காற்று அடைக்கும் வால்வு சரியாக இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய் நல்ல வால்வு ஒன்றைச் செய்துகொண்டு கடைக்குத் திரும்பி வந்தார்.

கம்பெனிக்காரர் அதைப் பார்த்து மெச்சினார். ஆனால் வாங்கவில்லை. வால்வு நன்றாக இருந்து என்ன பயன், ரப்பரே உருகிப் போகிறதே என்று உண்மையைச் சொல்லிவிட்டார். உருகாத ரப்பருக்கு ஒருவன் வழி சொன்னால் அவன் கேட்ட விலை கிடைக்கும் என்றும் சொன்னார்.

குட்இயர் ரசாயனம் படித்தவர் அல்ல. ரப்பர் வியாபாரமும் அவருக்குத் தெரியாது. கையில் பணமும் இல்லை. ஆனாலும் அன்று பிடித்த பித்து 26 ஆண்டுகள் விடவில்லை.

ஜெயிலில் ஆராய்ச்சி

பிலடெல்பியா திரும்பியதும் பழைய கடனுக்காகக் குட்இயர் ஜெயிலுக்குப் போனார்.

அங்கே சும்மா இருக்கவில்லை. மனைவியிடம் சொல்லிக் கொஞ்சம் பச்சை ரப்பரும், வீட்டில் மாவு தேய்க்கும் குழவியும் கொண்டுவரச் சொன்னார். ஜெயிலில் உட்கார்ந்து ரப்பரைப் பிசைந்தார், தேய்த்தார், இழுத்துப் பார்த்தார். ரப்பர் அப்போது மலிவு. ஏழையும் வாங்கிப் பரீட்சை செய்யலாம்.

ரப்பரின் பிசுபிசுப்புக்கு மேலே உலர்ந்த மாவைத் தூவினால் சரியாகிவிடும் என்று அவர் முதலில் நினைத்தார். அதிரசத்துக்கு மாவு கலப்பது போல, மக்னீசியா என்ற வெள்ளைப் பொடியை ரப்பரோடு கலந்தார். பிசுபிசுப்பு போயிற்று. ரப்பர் வெள்ளையாக, அழகாக வந்தது.

விடுதலையாகி வீட்டுக்கு வந்ததும் வேலை மும்முரமாக நடந்தது. அவரும் கிளாரிசாவும் குழந்தைகளும் சேர்ந்து சமையல் அறையிலேயே பல நூறு ஜோடி ரப்பர் ஜோடு செய்தார்கள். விற்பதற்குள் கோடை வந்துவிட்டது. எல்லாம் குழம்பாகப் போயிற்று. நாற்றம் தாங்காமல் அக்கம் பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள்.

வீட்டுச் சாமான்களை விற்றார். குடும்பத்தை ஒரு கிராமத்தில் குடி வைத்துவிட்டு நியூயார்க் போனார். அங்கே ஒரு மாடி அறையில் மறுபடியும் கொதிக்க வைப்பதும் கலக்குவதும் தொடர்ந்தன.

இப்போது சுண்ணாம்பு நீரில் ரப்பரை வேகவைத்தார். ரப்பர் வழுவழுப்பாக வந்தது. பரிசு கூடக் கொடுத்தார்கள். ஆனால் ஒரு சொட்டுப் புளித்த சாறு பட்டதும் அந்த இடம் பழையபடி பிசுபிசுத்தது. அதுவும் போயிற்று.

பிறகு ஒரு நாள், ரப்பரில் பூசிய பித்தளை வர்ணத்தைப் போக்குவதற்காக நைட்ரிக் அமிலம் என்ற திராவகத்தைத் தடவினார். ரப்பர் கறுத்துப்போயிற்று. கெட்டுவிட்டது என்று தூக்கி எறிந்தார். சில நாள் கழித்து அதன் நினைவு வந்து குப்பையில் தேடி எடுத்துப் பார்த்தார். மேல்தோல் பிசுபிசுப்பு இல்லாமல் இருந்தது! 1837-ம் ஆண்டில் இந்த முறைக்குப் பேட்டண்ட் வாங்கினார். திராவகப் புகையில் மூச்சு முட்டி ஒரு முறை சாவின் வாசல் வரை போய் வந்தார்.

அந்த ஆண்டு அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி. பணம் போட்டிருந்த கூட்டாளி ஓட்டாண்டி ஆனார். குட்இயர் குடும்பம் ஸ்டேட்டன் தீவில் ஒரு பாழடைந்த ரப்பர் தொழிற்சாலையில் குடியிருந்தது. மீன் பிடித்துச் சாப்பிட்ட நாட்களும் உண்டு.

குட்இயர் ரப்பர் தொப்பி, ரப்பர் கோட்டு, ரப்பர் ஜோடு எல்லாம் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார். விளம்பரத்துக்காகத்தான். பார்த்தவர்கள் பைத்தியம் என்றார்கள்.

கந்தகம் வந்தது

1838-ம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஊபர்ன் என்ற ஊரில் நதானியேல் ஹேவர்டு என்பவரைக் குட்இயர் சந்தித்தார். ஹேவர்டு ரப்பரோடு கந்தகத்தைக் கலந்து வெயிலில் காய வைத்து வந்தார். அப்படிச் செய்த ரப்பரின் மேற்பரப்பு ஒட்டவில்லை. குட்இயர் அந்த உரிமையை அவரிடம் இருந்து வாங்கினார்.

அரசாங்கத்தார் 150 தபால் பைகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். குட்இயருக்குத் தலைகால் புரியவில்லை. பைகளைச் செய்து மாட்டிவிட்டு, குடும்பத்தோடு சில நாள் வெளியூர் போய் வந்தார். திரும்பி வந்து பார்த்தால் பைகள் தங்கள் பாரத்தாலேயே இழுபட்டு, பிசினாகத் தொங்கிக்கொண்டிருந்தன.

மேல்தோல் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே பச்சை ரப்பர் அப்படியே இருந்தது. திராவகமும் வெயிலும் தோலை மட்டும் மாற்றின; உள்ளே போகவில்லை. உள்ளே போகக் கூடியது எது என்பதுதான் கேள்வி.

இதற்குள் குட்இயரை நம்பிப் பணம் போட யாரும் இல்லை. ரப்பரை விட்டுத் தொலைத்துவிட்டுப் பழையபடி இரும்புக் கடை வைக்கும்படி நண்பர்கள் கெஞ்சினார்கள்.

சூடான அடுப்பு

1839-ம் ஆண்டில் ஊபர்னில் அந்தச் சம்பவம் நடந்தது.

கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று சூடான அடுப்பின் மேல் பட்டுவிட்டது. ரப்பர் உருகி வழியும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அது உருகவில்லை. தோல் கருகுவது போலக் கருகியது. கருகிய பாகத்தின் ஓரத்தில் ஒரு சிறிய பகுதி கருகாமலும் ஒட்டாமலும் இருந்தது. இழுத்தால் நீண்டது. விட்டால் சுருங்கியது.

சுற்றி இருந்தவர்கள் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. குட்இயர் அந்தத் துண்டை வாசலுக்கு வெளியே கடுங்குளிரில் ஆணி அடித்து மாட்டி வைத்தார். காலையில் எடுத்து வளைத்தார். விறைக்கவில்லை. முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியே வளைந்தது.

சூட்டில் உருகாத, குளிரில் விறைக்காத ரப்பர்!

அதிர்ஷ்டத்தால் கிடைத்தது என்று பலரும் சொல்கிறார்கள். குட்இயர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்து ஆண்டுகளாக அதே நினைவாக இருந்தவன் கண்ணுக்குத்தான் அது தெரியும் என்பது அவர் கட்சி. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ரப்பரைச் சுட்டவர்கள் உலகத்தில் அவருக்கு முன் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். உருகிற்று என்று துடைத்து எறிந்தார்கள். கருகியதற்கும் உருகியதற்கும் நடுவில் ஒரு கீற்றைத் தேடிப் பார்த்தவர் இவர் ஒருவர்.

பதம் தேடிய ஐந்து ஆண்டு

கதைகளில் இந்த இடத்தோடு முடித்துவிடுவார்கள். உண்மையில் பெரிய கஷ்டம் இனிமேல்தான்.

ரப்பருக்குச் சூடு வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எவ்வளவு சூடு? எத்தனை நேரம்? எவ்வளவு கந்தகம்? எதுவும் தெரியாது. சூடு குறைந்தால் பிசுபிசுக்கும். கூடினால் கருகும். ஒரு பக்கம் வெந்தால் மறு பக்கம் வேகாது. ஒரு நாள் நன்றாக வரும். மறுநாள் அதே மாதிரி செய்தால் வராது.

கிளாரிசா ரொட்டி சுட்ட அடுப்பு ஆறுவதற்குள் குட்இயர் ரப்பரை உள்ளே வைத்துவிடுவார். கெட்டிலின் மூக்கில் வரும் நீராவியில் ரப்பரைக் கட்டித் தொங்க விடுவார். சாம்பலில் புதைத்துச் சுடுவார். பாத்திரத்தில் வேகவைப்பார். ஊரில் பட்டறை வைத்திருந்தவர்களிடம் போய், வேலை முடிந்த பிறகு உலையைக் கொஞ்ச நேரம் இரவல் கேட்பார்.

வீட்டில் சாப்பாட்டுக்கு வழி இல்லை. கட்டில் போயிற்று, பாத்திரம் போயிற்று. கடைசியில் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களையும் விற்றார். பக்கத்து வீட்டார் பாலும் மாவும் கொடுத்து உதவினார்கள். பிள்ளைகள் கிழங்குகளை அவை முற்றுவதற்கு முன்பே தோண்டித் தின்றார்கள்.

ஒரு பனிக்காலத்தில் கடன் கேட்டுப் பாஸ்டன் நகருக்குப் போனார். கடன் கிடைக்கவில்லை. தங்கிய ஓட்டலுக்கு ஐந்து டாலர் கொடுக்க முடியாததால் அங்கேயும் ஜெயில்! வீடு திரும்பினால் கைக்குழந்தையின் உயிர் போய்க்கொண்டிருந்தது. குழந்தையை அடக்கம் செய்யக் கையில் காசு இல்லை.

குட்இயர் தம்பதிக்குப் பிறந்த குழந்தைகள் 12. அவற்றில் 6 சிறு வயதிலேயே இறந்தன.

குட்இயரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவருடைய விடாமுயற்சியைப் புகழ்கிறார்கள். புகழட்டும். ஆனால் பிள்ளைகளின் புத்தகத்தை விற்றுக் கந்தகம் வாங்கியது சரியா? இந்தக் கேள்வியைக் கிளாரிசாவிடம் யாராவது கேட்டார்களா? அந்த அம்மாள் தன் பக்கத்துக் கதையை எழுதி வைக்கவில்லை. புருஷன் புத்தகம் எழுதினார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வறுமையில் பிரான்சில் இருந்து ஒரு கம்பெனி, அவருடைய பழைய திராவக முறைக்கு நல்ல விலை கொடுக்க முன்வந்தது. வாங்கியிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். அதைவிடச் சிறந்த முறை ஒன்று தன் கையில் வந்துகொண்டிருக்கிறது, இதை வாங்கினால் உங்கள் பணம் வீண் என்று சொல்லி மறுத்துவிட்டார். இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

கடைசியில் கை கொடுத்தவர் உறவினர் வில்லியம் டி பாரஸ்ட். கம்பளி ஆலை வைத்திருந்தவர். அவர் கொடுத்த பணம் மொத்தம் 46 ஆயிரம் டாலர்.

பதம் கிடைத்தது. ரப்பர் 25 பங்கு, கந்தகம் 5 பங்கு, ஈய வெள்ளை 7 பங்கு. சூடு 270 டிகிரி பாரன்ஹீட். இன்றைய கணக்கில் சுமார் 132 டிகிரி சென்டிகிரேடு. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட அதிகம். அழுத்தம் கொடுத்த நீராவியில் சில மணி நேரம் வேகவைத்தால் உள்ளும் புறமும் ஒரே சீராக வந்தது.

1844-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி அமெரிக்க அரசாங்கம் இதற்குப் பேட்டண்ட் கொடுத்தது. அதன் எண் 3633.

உள்ளே நடப்பது என்ன?

சூடும் கந்தகமும் ரப்பருக்குள் என்ன செய்தன என்று குட்இயருக்குத் தெரியாது. அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. ஜெர்மன் விஞ்ஞானி ஸ்டாடிங்கர் 1920-ம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். ரப்பர் போன்ற பொருள்கள், கண்ணுக்குத் தெரியாத மிக நீண்ட சங்கிலிகளால் ஆனவை என்றார் அவர். முதலில் பலர் சிரித்தார்கள். 1953-ம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இத்தகைய பொருள்களுக்குப் பாலிமர் என்று பெயர். பிளாஸ்டிக்கும் நைலானும் இந்த இனம்தான்.

கடலூர்த் துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்களைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்.

ஒரு கூடை நிறைய நூல் கிடக்கிறது. முடிச்சு ஒன்றும் இல்லை. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் நழுவி வந்துவிடும். பச்சை ரப்பர் இந்த நூல் கூடை மாதிரி. வெயில் பட்டால் நூல்கள் இன்னும் எளிதாக நழுவும். அதுதான் உருகுவது. ரோடு உரசினால் நூல்கள் பிரிந்து போகும். அதுதான் தேய்வது.

அதே நூலில் இங்கொன்றும் அங்கொன்றுமாக முடிச்சுப் போட்டு வலையாக்குங்கள். இப்போது ஒரு நூலை இழுத்தால் வலை முழுவதும் சேர்ந்து இழுத்துப் பிடிக்கும். விட்டால் பழைய இடத்துக்கு வரும். கந்தகம் போடுவது இந்த முடிச்சு. முடிச்சுப் போடும் கை சூடு.

முடிச்சு போதாவிட்டால் ரப்பர் கொழகொழக்கும். நெருக்கமாகிவிட்டால் வளையாது, மரக்கட்டை ஆகிவிடும். சார்லசின் தம்பி நெல்சன் குட்இயர் 1851-ம் ஆண்டில் கந்தகத்தை மிக அதிகமாகச் சேர்த்துக் கெட்டியான எபோனைட்டுக்குப் பேட்டண்ட் வாங்கினார். நம் ஊர்ப் பெரியவர்கள் சட்டைப் பையில் செருகியிருந்த கறுப்புப் பேனாவின் உடம்பு பெரும்பாலும் எபோனைட்தான். டயரும் அந்தப் பேனாவும் ஒரே மரத்துப் பால். பதம்தான் வேறு.

இங்கிலாந்தில் ஒருவர்

குட்இயர் தன் ரப்பர்த் துண்டுகளில் சிலவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். 1842-ம் ஆண்டில் அவை தாமஸ் ஹான்காக் என்பவர் கைக்குப் போயின.

ஹான்காக் ரப்பர்த் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்தத் துண்டின் மேல் மஞ்சள் பொடி தெரிந்தது. கந்தகம் என்று கண்டுகொண்டார். பிறகு தாமே பரீட்சைகள் செய்து சூட்டின் ரகசியத்தையும் பிடித்துவிட்டார். 1843-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் பேட்டண்டுக்கு மனுப் போட்டார். குட்இயரின் மனு சில வாரம் பிந்திவிட்டது.

இந்த முறைக்கு வல்கனைசிங் என்று பெயர் வைத்தவர் ஹான்காக்கின் நண்பர் புரோக்டன். ரோமாபுரியார் வணங்கிய நெருப்புத் தெய்வத்தின் பெயர் வல்கன்.

1855-ம் ஆண்டில் இங்கிலாந்துக் கோர்ட்டில் வழக்கு நடந்தது. குட்இயர் தோற்றார்.

அமெரிக்காவில் மட்டும் ஜெயம். அங்கே ஹொரேஸ் டே என்பவர் அனுமதி இல்லாமல் ரப்பர் சாமான் செய்துகொண்டிருந்தார். 1852-ம் ஆண்டில் டிரென்டன் நகரில் வழக்கு. அமெரிக்காவின் வெளிநாட்டு மந்திரியாக இருந்த டேனியல் வெப்ஸ்டரே குட்இயர் பக்கம் வாதாடினார். அவருக்குக் கொடுத்த பீஸ் 15 ஆயிரம் டாலர். குட்இயர் ஜெயித்தார். ஆனால் வக்கீல் பீஸ் அளவுக்குத் தமக்கென்று பணம் சேர்த்து வைக்க அவருக்குத் தெரியவில்லை.

ரப்பர் மாளிகை

வந்த பணத்தை எல்லாம் மறுபடியும் ரப்பரிலேயே போட்டார். உலகத்தில் உள்ள சகல பொருள்களையும் ரப்பரில் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. ரப்பர் நகை, ரப்பர் கொடி, ரப்பர் வாத்தியம் என்று யோசனை ஓடிற்று. தன் புத்தகத்தில் சில பிரதிகளை ரப்பர்த் தாளிலேயே அச்சிட்டார்.

1851-ம் ஆண்டில் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் 30 ஆயிரம் டாலர் செலவில் ஓர் அரங்கம் அமைத்தார். சுவர், கூரை, நாற்காலி எல்லாம் ரப்பர். பார்த்தவர்கள் அசந்து போனார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பாரிசில் இன்னும் பெரிதாக, 50 ஆயிரம் டாலர் செலவில் அமைத்தார்.

இதற்கு நடுவே 1853-ம் ஆண்டில் கிளாரிசா இங்கிலாந்தில் காலமானார். குட்இயர் அடுத்த ஆண்டு மறுமணம் செய்துகொண்டார்.

பாரிஸ் பொருட்காட்சி முடிந்த கையோடு பிரெஞ்சு அரசாங்கம் அவருடைய பேட்டண்டை ரத்து செய்துவிட்டது. வரவேண்டிய பணம் நின்றது. 1855-ம் ஆண்டு டிசம்பர் மாதம், கடனுக்காகப் பாரிசில் அவரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். 16 நாள் உள்ளே இருந்தார்.

அங்கே இருக்கும்போதுதான் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் அவருக்கு அளித்த லீஜியன் ஆப் ஆனர் என்ற உயர்ந்த விருது வந்து சேர்ந்தது. மகன் அதை ஜெயிலுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார்.

கடைசிப் பயணம்

1860-ம் ஆண்டில் குட்இயருக்கு வயது 59. உடம்பு ஓய்ந்துவிட்டது. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. மகள் ஒருத்தி சாகக் கிடக்கிறாள் என்று செய்தி வந்தது. புறப்பட்டார். நியூயார்க்கில் இறங்கியதும் மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி காத்திருந்தது. அப்படியே சாய்ந்தார். அங்கே ஒரு ஓட்டலில் ஜூலை 1-ந் தேதி காலமானார்.

அவர் விட்டுச் சென்றது சுமார் 2 லட்சம் டாலர் கடன்.

மோட்டார் கார் டயரை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அவர் இறந்து 28 ஆண்டு கழித்து, 1888-ம் ஆண்டில்தான் டன்லப் என்பவர் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் செய்தார். பிறகு மோட்டார் கார் வந்தது. அப்போதும் டயர் இவ்வளவு கறுப்பு இல்லை, வெளிறித்தான் இருந்தது. 1910-ம் ஆண்டுக்குப் பிறகு மிக நுண்ணிய புகைக்கரியை ரப்பரில் கலந்து வேகவைத்தார்கள். அதன் பிறகுதான் டயர் தேய்வது வெகுவாகக் குறைந்தது. டயர் கறுப்பாக இருப்பதும் அந்தக் கரியால்தான்.

டயர் பெருகியதும் ரப்பர் மரத்துக்குக் கிராக்கி வந்தது. 1876-ம் ஆண்டில் விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டில் இருந்து சுமார் 70 ஆயிரம் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோயிருந்தார். அங்கே முளைத்த கன்றுகள் கப்பல் ஏறி இலங்கைக்கு வந்தன. மலாயாவிலும் ரப்பர்க் காடு வளர்ந்தது. அந்தக் காட்டில் விடியற்காலையில் பால் வெட்டப் போனவர்கள் யார்? நம்மவர்கள். தென்னார்க்காடு, வட ஆர்க்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஜில்லாக்களில் இருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பல் ஏறிப் போனவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு.

1898-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் பிராங்க் சீபர்லிங் என்பவர் ஒரு டயர் கம்பெனி தொடங்கினார். அதற்குக் குட்இயர் என்று பெயர் வைத்தார். உலகம் முழுவதும் தெரிந்த கம்பெனி அது. சார்லஸ் குட்இயர் குடும்பத்துக்கும் அந்தக் கம்பெனிக்கும் சம்பந்தம் கிடையாது.

நம் ஊர்ச் சாலையோரத்தில் பஞ்சர் ஒட்டும் கடைகளில் வல்கனைசிங் என்று பலகை எழுதி வைத்திருப்பார்கள். அடுத்த முறை வண்டிக்குப் பஞ்சர் போடும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.

டியூபில் ஓட்டை விழுந்த இடத்தைச் சுரண்டுவார். அதன் மேல் வேகாத ரப்பர்த் துண்டு ஒன்றை வைப்பார். பழைய எஞ்சின் பிஸ்டன் ஒன்றைத் தலைகீழாக வைத்து, திருகு போட்டு இறுக்குவார். பிஸ்டன் குழியில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றித் தீ வைப்பார். பிறகு பேசாமல் உட்கார்ந்திருப்பார். நாம் அவசரப்படுத்தினாலும் எழுந்திருக்க மாட்டார். தீ அணைந்து, இரும்பு ஆறிய பிறகுதான் திருகைக் கழற்றுவார்.